பெட்டிக்கு ஒருநாள் ஓய்வு

விஜயதசமி அன்று காலை தேவதாஸை எழுப்பியது, இல்லாமல் போன ஒரு சத்தம். காஜா பேராங் வட்டாரத்தில் சேவல் கூவியது. ரோட்டில் மாட்டு வண்டி போனது. பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா தன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கூடத்து மூலையில் ஒன்றேமுக்கால் வருஷமாக இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டி மட்டும் முனகவில்லை. தனக்குக் காது போய்விட்டது என்று தேவதாஸ் முதலில் நம்ப முயன்றான். காது போனால் ஒரு ஆளுக்குத்தான் நஷ்டம். ஆனால் கோழிகள் நன்றாகவே கேட்டன. எழுந்துபோய் விளக்கைப் போட்டான். எரிந்தது. மின்சாரம் இருந்தது. அந்த வேளையில் அதைவிட மோசமான செய்தி ஒன்று இருக்க முடியாது.

பெட்டியின் கதவில் மூன்று பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம், கைப்பிடியில் ஒரு முழம் செவ்வந்திப் பூ. தலைமேல் அதன் ஒயர் பிளக்கோடு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிளக்கின் மூன்று பித்தளைக் கால்களிலும் ஆளுக்கொரு பொட்டு.

இந்தப் பெட்டி தேவதாஸுடையது அல்ல. அவன் வேலை பார்த்த ரப்பர் கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை, ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று நாள் முன்னால் இதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆறு வாரத்தில் திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். போவதற்கு முன், மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி அதன் குணங்களை விளக்கினார். சுவருக்கும் அதன் முதுகுக்கும் ஒரு சாண் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் சூடாகிவிடும். சுடச்சுட எதையும் உள்ளே வைக்கக் கூடாது. உறைந்த ஐஸைக் கத்தியால் குத்தக் கூடாது, குத்தினால் உள்ளேயிருக்கும் விஷவாயு வெளியே வரும். காரணமில்லாமல் கதவைத் திறக்கக் கூடாது. தேவதாஸ் எல்லாவற்றையும் கடைப்பிடித்தான். தான் தினமும் செய்கிற சூரிய நமஸ்காரத்தை விட்டாலும் விடுவான், பெட்டியின் ரப்பர் விளிம்பை ஆப்பசோடா தண்ணீரால் துடைப்பதை விடமாட்டான். பூஜை நாளில் பெட்டியை என்ன செய்யக் கூடாது என்று மட்டும் துரை சொல்லவில்லை. அவருக்கு அது தோன்றியிருக்காது.

துரை வரவில்லை. லெப்டினன்ட் ஹிராத்தா வந்தான். அவன் தங்கியிருந்த கிளேபாங் கடற்கரை பங்களாவில் மின்சாரம் இல்லாததால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல், பெட்டியோடு தேவதாஸ் குடும்பத்தையும் சேர்த்துப் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். பீர், மீன், என்னவென்று கேட்கக் கூடாத சில இறைச்சிகள் எல்லாம் இங்கே வந்து தங்கின. ஆயுத பூஜைக்கு முந்திய மாலை ஒரு தெங்கிரி மீனின், அதாவது வஞ்சிரத்தின், நடுத்துண்டு வந்தது, முழங்கை நீளத்துக்கு, தலையும் வாலும் இல்லாமல். விஜயதசமி அன்று சிங்கப்பூரிலிருந்து ஒரு மேஜர் வருகிறார். (சிங்கப்பூரை இப்போது ஷோனான் என்று சொல்ல வேண்டும். தேவதாஸ் மனதுக்குள்ளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.) மேஜருக்கு அந்த மீனைப் பச்சையாக, மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பரிமாறப் போகிறார்கள். மத்தியானம் ஹிராத்தா வந்து எடுத்துக்கொள்வான்.

தேவதாஸ் கதவைத் திறந்தான். மழைக்கால அலமாரியைத் திறந்தால் வருகிற வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. மீன் தன் தட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டு சாதாரணமாகக் கிடந்தது. அரிசிக் கிடங்கில் வேலை பார்த்த நல்லையாவின் நினைவு அவனுக்கு வந்தது. ஒரு மூட்டை எடை குறைந்ததற்காக நல்லையாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வாரம் கழித்து அவருடைய சட்டை மட்டும் துவைத்து மடித்து வீட்டுக்கு வந்தது.

"கமலா!"

கமலவேணி கையில் விபூதித் தட்டோடு வந்தாள். நல்ல நாளில் இப்படிக் கத்துகிறாரே என்ற முகம்.

"யாரு இதைப் புடுங்கினது?"

"நான்தான். நேத்துப் பகல்ல, பூஜை முடிஞ்சு நீங்க ஆபீஸ் போனப்புறம். அருவாமனை, தையல் மெஷின், உங்க டைப்ரைட்டிங் மெஷின் எல்லாத்துக்கும் ஓய்வு குடுத்தேன். இது ஒண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? போன வருஷமும் செஞ்சேனே, ஒண்ணும் ஆகலியே."

"போன வருஷம் உள்ளார வெறுந்தண்ணிதான் இருந்துச்சு! இப்ப அவனோட மீன் இருக்கு!"

"மூடித்தானங்க இருந்துச்சு? ஃப்ளாஸ்க்ல ஊத்துன காப்பி விடியவரைக்கும் சூடா இருக்கல? அது மாதிரி இது ஜில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் பெட்டிக்குள் கையை நீட்டினாள். புரட்டாசி என்பதால் மீனைத் தொடாமல், மீனுக்கு மேலே காற்றை மட்டும் தொட்டுப் பார்த்தாள். கையிலிருந்த விபூதித் தட்டைப் பெட்டியின் தலைமேலேயே வைத்துவிட்டாள்.

நேற்று மாலை தேவதாஸ் வேலையிலிருந்து வந்தபோது தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பத்துப் பெட்டி செத்திருந்தாலும் தெரிந்திருக்காது. கடலை கிடைக்காததால் மரவள்ளிக்கிழங்கைக் கடலை அளவுக்கு நறுக்கித் தாளித்த சுண்டலைத் தின்றுவிட்டு, தலைமேல் கிடந்த ஒயரைக் கவனிக்காமல், பெட்டிக்கு வைத்த பொட்டைப் பார்த்து மெச்சிவிட்டுப் படுத்துவிட்டான்.

கமலவேணியின் தம்பி ஜெயபாலன் எழுந்து வந்தான். காலேஜ் மூடியதிலிருந்து அவனுக்கு வேலை, யோசனை சொல்வது.

"கரண்டு போயிருச்சுன்னு சொல்லிடலாமே அத்தான்."

"கரண்டு ஆபீஸை யாரு நடத்துறான்? ஜப்பான்காரன் குடுக்கிற கரண்டு நின்னு போச்சுன்னு ஜப்பான்காரன்கிட்டயே சொல்லச் சொல்றியா?"

"அப்ப வேற மீனு வாங்கி வைப்போம்."

"புடிக்கிற மீனெல்லாம் மொதல்ல அவன்கிட்டதான் போவுது. அவன்கிட்டயே போயி ஒரு தெங்கிரி கேளு."

ஜெயபாலன் பிளக்கை எடுத்து, வேட்டி நுனியால் மூன்று பொட்டுகளையும் துடைத்து, சுவரில் சொருகினான். பெட்டி ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு முனக ஆரம்பித்தது. "அவ்வளவுதான். மத்தியானத்துக்குள்ள பழையபடி வெறச்சிரும். அது தூங்குனது நம்ம நாலு செவுத்துக்குத்தான் தெரியும்." அவன் சொன்னது உண்மை. அதுதான் ஆபத்து. கெட்ட மீனும் நல்ல மீனும் குளிர்ந்த பிறகு ஒரே மாதிரி இருக்கும். கெட்டதை நல்லதாக்கத் தெரியாத பெட்டிக்கு அதை மறைக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

நஜ்முன்னிசாவை வேலி வழியாகக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினான் தேவதாஸ். ராத்திரி கொஞ்ச நேரம் பெட்டி நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னான். நேற்றுப் பகலிலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்டியை நன்றாகப் பராமரிப்பவன் என்று தெருவில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது.

"தலை இல்லாத மீனுகிட்ட நான் என்னத்தைக் கேக்கிறது தம்பி? கண்ணு எங்க, செவுளு எங்க?" என்றவள், விரலால் அழுத்தினாள். குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. "ஆணத்துக்கு, கொழம்புக்குன்னா போவும். பச்சையாத் திங்கவா? அதை நான் எங்க கண்டேன்? நம்ம பூனையே வேவாத மீனுன்னா யோசிக்கும்."

ஹிராத்தா சின்ன லாரியில் வந்து இறங்கியபோது மூன்று பேரும் வாசலில் குனிந்து நின்றார்கள். பெட்டி நல்ல பிள்ளையாக முனகிக்கொண்டிருந்தது. ஹிராத்தா நேராகப் போய்க் கதவைத் திறந்தான். திறந்தபடியே விட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, வருகிற குளிரை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றான். தேவதாஸுக்குக் கை துறுதுறுத்தது. உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கதவைச் சாத்த வேண்டும் என்றுதான் இருந்தது. ஹிராத்தா மீனைத் தட்டினான். கட்டையைத் தட்டின சத்தம். "பாகுஸ்," என்றான். நல்லது. மலாயில் அவனுக்குத் தெரிந்த இருபது வார்த்தைகளில் பாராட்டு அது ஒன்றுதான். டிரைவர் தகர டப்பாவோடு முன்னால் வந்தான்.

தேவதாஸ் டிரைவருக்கு வழிவிட்டு ஒதுங்கினான். மேஜருக்குக் கல் வயிறாக இருக்கலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் கமலவேணி கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். இப்போது சொன்னால் அடி. ராத்திரி அவர்களுக்கு வயிறு புரண்டால், மடித்த சட்டை.

"துவான்," என்றாள். குரல் பூஜை அறையிலிருந்து வருகிற மாதிரி மெலிந்திருந்தது. "ஈக்கான் மந்தா தா பாகுஸ். மெஷின் தீடோர்." ஐயா, பச்சை மீன் நல்லதில்லை, மெஷின் தூங்கிவிட்டது.

ஹிராத்தா திரும்பினான். அவள் கதவிலிருந்த சந்தனத்தைக் காட்டினாள். "செம்பாயாங்," என்றாள். சாமி கும்பிட்டோம். பிறகு பிளக்கைக் காட்டி, இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

ஹிராத்தா பொட்டைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், மெஷினைத் தூங்க வைத்த பெண்பிள்ளையைப் பார்த்தான். பிறகு தேவதாஸை அறைந்தான். இரண்டாவது அறையில் மூக்குக்கண்ணாடி பறந்து பெட்டியின் அடியில் போய் விழுந்தது. விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணி, தன் கழுத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். எண்ணும்போது பெட்டியையும் சேர்த்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது. கண்ணாடி இல்லாவிட்டாலும் அந்த முகம் தேவதாஸுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் வைத்திருந்த முகம் அது. மேஜர் வந்துகொண்டிருக்கிறார், மீன் இல்லை. இப்போது லெப்டினன்ட் ஹிராத்தாவும் இந்தக் குடும்பத்தில் ஒருவன்.

"காரி?" என்றான் ஹிராத்தா, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி. "காரி பாகுஸ்?" குழம்பாக்கினால் நன்றாக இருக்குமா?

கமலவேணி ஆமென்று தலையை ஆட்டினாள்.

புரட்டாசிக்காக அவளுடைய மீன்சட்டி பரணில் கிடந்தது. நஜ்முன்னிசா தன் சட்டியோடு பின்வாசல் வழியாக வந்தாள். ஹிராத்தா அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு, வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வீட்டில் எல்லோரும் விரதம் என்பதால் உப்பு பார்க்கிற வேலை நஜ்முன்னிசாவுக்கு; சந்தேக மீன் அவள் வாயில் படாதபடி, மீனைப் போடுவதற்கு முன்பே பார்க்கச் சொன்னாள் கமலவேணி. நஜ்முன்னிசா உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "மொளகா அள்ளிப் போட்டுட்டே," என்றாள்.

"இருக்கட்டும் அக்கா. வேற ருசி தெரியக் கூடாது." துண்டுகளைக் குழம்பில் சரித்துவிட்டுக் கமலவேணி கேட்டாள்: "நல்லாக் கொதிச்சா எல்லாம் சரியாப் போயிருமில்ல? நேத்து மத்தியானத்துலேர்ந்து கெடந்துச்சு."

நஜ்முன்னிசாவின் கை நின்றது. "நேத்து மத்தியானமா? ராத்திரி கொஞ்ச நேரம்னுல தம்பி சொன்னுச்சு?" ஹிராத்தா பார்க்கிறான் என்று சிரித்த முகத்தை மாற்றாமல், பல்லிடுக்கில் பேசினாள். "தெங்கிரி சூட்டுல கெடந்துட்டா எவ்வளவு வேவ வச்சாலும் போவாதுடி. எங்க வூட்டுல ஒருதரம் தின்னுட்டு மூஞ்செல்லாம் செவந்து தடிச்சு, அரிப்புத் தாங்காம மனுசன் செவுத்துல தேய்ச்சாரு. அல்லா, சிரி. சிரிச்சுக்கிட்டே கிண்டு."

கமலவேணி சிரித்துக்கொண்டே கிண்டினாள். வாசலில் ஹிராத்தா வாசனை பிடித்து, "பாகுஸ், பாகுஸ்," என்றான். தேவதாஸ் ஒரு பக்கம் உடைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நஜ்முன்னிசா சொன்னதை அடுப்படிச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டான். நிறுத்து என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. கொதிக்கிற குழம்பு, காத்திருக்கிற மேஜர், இரண்டையும் நிறுத்துகிற பிளக் எந்தச் சுவரிலும் இல்லை.

சட்டியின் வாயைத் துணியால் கட்டி, லாரியின் பின்பக்கப் பலகைமேல் வைத்தார்கள். ஹிராத்தா முன்னால் ஏறினான். வண்டி மேஜருக்கு விருந்து நடக்கிற பண்டார் ஹிலிர் பக்கம் திரும்பியது. நேற்றைய மழை ரோட்டைக் குழி குழியாக்கியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் சட்டி ஒரு வாய் குழம்பைத் துப்பிக்கொண்டு போனது. வாசலிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. ராத்திரி யாராவது இந்த வீட்டைத் தேடி வந்தால் வழி கேட்கத் தேவையிருக்காது.

தேவதாஸ் வாளியில் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு இறங்கினான். முதல் சொட்டைக் கழுவினான், இரண்டாவதைக் கழுவினான். மூன்றாவதில் ஒரு தெருநாய் அவனை முந்திக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. விரட்டுவதற்காகத் துடைப்பத்தை ஓங்கியவன், மெதுவாகத் தாழ்த்தினான். நாய் நாலாவது சொட்டுக்குப் போனது, ஐந்தாவதுக்குப் போனது. ஒரு மீன் துணுக்கு கிடைத்தது, விழுங்கியது. தேவதாஸ் வாளியை ரோட்டோரம் வைத்துவிட்டு, ஒற்றைக் கண்ணாடி வழியாக அதன் நாலு கால்களையும் பார்த்தபடி பின்னாலேயே நடந்தான். கால்கள் நேராகத்தான் போயின. சீனன் கடை திருப்பத்தில் நாய் நின்றது. உட்கார்ந்தது. பின்னங்காலைத் தூக்கித் தன் மூஞ்சியைச் சொறிய ஆரம்பித்தது. நாய் என்றால் சொறியத்தானே செய்யும் என்று தேவதாஸ் வாய்விட்டுச் சொன்னான். நாய் நிறுத்தவில்லை.