அரை கிளாஸ் டீ

குடவாசல் பக்கத்து நெல் கொள்முதல் நிலையத்தில் தியாகேசனின் நெல் நான்கு நாட்களாகக் குவிந்து கிடந்தது. மேகம் ஏறுவதும் கலைவதுமாக இருந்தது. இன்று பார்த்து அவர் தஞ்சாவூர் போயாக வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்கு ஆறு வாரமாக மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அரை மணி கழித்துத்தான் இட்லி. மனைவி ராஜாத்தி புளியையும் காரத்தையும் குறைத்தாள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்தாள், ஏழு மணிக்கே சோறு போட்டாள். எரிச்சல் அடங்கியது. ஆனால் சோறு நெஞ்சில் நின்று நின்றுதான் இறங்கியது. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது; ஒரே வருடத்தில் உணவுக்குழாய்ப் புற்றில் போய்ச் சேர்ந்தார். தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம், வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் இன்றைக்கு நாள் குறித்திருந்தார்.

பக்கத்துக் குவியல் பஞ்சநதத்துடையது. நிலையத்தில் காத்திருப்பவர்கள் முறைவைத்து எல்லோருக்கும் டீ வாங்குவார்கள். வேண்டாம் என்றால் மனத்தாங்கல் என்று அர்த்தம். நெஞ்செரிச்சலுக்குப் பயந்து தியாகேசன் இதுவரை ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பித்து வந்தார்.

"அண்ணே, மத்தியானம் வரைக்கும் நம்ம நெல்லப் பாத்துக்கங்க. மழை வந்தா தார்ப்பாய இழுத்து விட்டாப் போதும்."

"பாத்துக்குறேன். ஏன்யா, நாலு நாளா என் டீய மட்டும் தொட மாட்டேங்குற? நெல்லுலதான் பதரு, டீயிலயுமா? குடிச்சிட்டுக் கெளம்பு."

மணி ஆறரை. அரை கிளாஸ்தான். குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா சார்?" என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்.

"இல்லம்மா, நேத்து ராத்திரியோட சரி."

"டீ, காப்பி?"

"டீ... ஆறரைக்கு. அது அரை கிளாஸ்தாம்மா."

"பால் டீயா?"

"கடையில வேற என்ன போடுவான்?"

நர்ஸ் பேனாவை மூடினார். "வயித்துல பால் கெடந்தா எதுக்களிச்சு நுரையீரலுக்குப் போயிடும் சார். ஆறு மணி நேரம் ஆகணும். பன்னெண்டரைக்குக் கடைசி ஆளா உங்களை எடுக்குறோம். அதை விட்டா அடுத்த வாரம்தான்."

தியாகேசன் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எச்சிலை விழுங்கி, அது இறங்குகிறதா என்று பார்த்தார். பதினொரு மணிக்கு பஞ்சநதம் போன் செய்தார்.

"யோவ், உன் டோக்கனைக் கூப்பிட்டுட்டான். எங்க இருக்க?"

"ராஜாத்திய வரச் சொல்றேண்ணே."

"அவங்க வந்து என்ன செய்ய? மெஷின்ல உன் விரல் ரேகைதான் வைக்கணும். வரலன்னா கடைசிக்குத் தள்ளிருவான். மேற்கால கருத்துக்கிட்டு வருது, பாரு."

தியாகேசன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"தள்ளட்டும்ணே. இங்கயும் நான்தான் இருக்கணும். தார்ப்பாய மட்டும் இழுத்து விடுங்க."

"சரி, பாரு" என்று போனை வைத்துவிட்டார் பஞ்சநதம்.

தியாகேசன் மறுபடியும் வானத்தைப் பார்க்க எழுந்தார். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அப்படியே உட்கார்ந்துகொண்டார்.