தாப்பிர் குட்டி போட்ட செவ்வாய்க்கிழமை

மலேசியாவில், ஸ்கூடாயில் மீரா பீவியின் சாப்பாட்டுக்கடைச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குள், 2022 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தாப்பிர் குட்டி போட்டது. ரொட்டி சானாய் தின்ன வந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள்தாம் முதலில் பார்த்தார்கள். பன்றி உடம்பும் கட்டைத் தும்பிக்கையுமாக, வெள்ளையாக இருக்கவேண்டிய முதுகில் இளஞ்சிவப்பு பூசி அச்சடித்த அந்தத் தாப்பிரின் வயிற்றோரம், மஞ்சள் வரி போட்ட சின்னது ஒன்று மூக்கை நீட்டிப் படுத்திருந்தது. மீரா பீவி கைத்துணியோடு வந்து பார்த்து, "அலமாக், இன்னிக்குப் பாத்தா?" என்றாள். அன்று பதினோரு மணிக்குப் படங்களை மதிப்பிட ஆள் வருவதாக இருந்தது. ஆண் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு அவள் கணவன் ஆசிம், "இதே படம் ஊர்ல இன்னும் நூத்தி நாப்பத்தொம்பது இருக்குலா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் ஆற்றப் போய்விட்டான்.

படங்களை வாங்கியவன் அவன்தான். புலி, யானை, இருவாச்சி, சூரியக்கரடி, எறும்புத்தின்னி, தாப்பிர் என்று காட்டில் அருகிவரும் ஆறு விலங்குகளை ஓர் ஓவியர் மிட்டாய்த்தாள் நிறங்களில் அச்சடித்து, விலங்குக்கு நூற்றைம்பது பிரதிதான் என்று எண் போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். ஆறும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் மதிப்பு என்று யாரோ சொல்ல, ஆசிம் நான்கு வருடம் அலைந்து சேர்த்தான். சிகாமட்டில் ஒரு பல் டாக்டரிடம் பேசிப் பேசி இருவாச்சியை வாங்கிய நாளில்தான் மகள் நஜ்வாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. ஒரு போட்டோவிலும் வாப்பா இல்லை. மீரா பீவி அதை மறக்கவேயில்லை.

மற்ற ஐந்தும் ஒழுங்காக இருந்தன. தாப்பிர் மட்டும் நின்ற இடத்தில் நிற்காது. மதிப்பீட்டாளர் ரூபேந்திரன் முதல் தடவை ஜொகூர் பாருவிலிருந்து வந்தபோது, அச்சுப் பட்டியலில் இடப்பக்கம் பார்த்து நின்ற தாப்பிர் இங்கே வலப்பக்கம் பார்த்தது. இரண்டாம் தடவை பின்பக்கத்தைக் காட்டியது. இரண்டு தடவையும் அவர் "பட்டியலோடு ஒத்துப்போகவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். மீரா பீவி படத்தின் முன்னால் நின்று திட்டாத நாளில்லை. இப்போது கட்டடத்துக்காரர் கடையை விற்கிறார். ஆறு மாதத்துக்குள் இவர்கள் வாங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். சிங்கப்பூரில் ஒரு சேகரிப்பாளர் ஆறு படங்களையும் எடுத்துக்கொள்ளத் தயார், மதிப்புச் சான்றிதழ் இருந்தால். பதினெட்டு வருடம் நின்று உழைத்த கடை, கடைசியில் ஒரு தாப்பிரின் நிற்கும் அழகை நம்பியிருந்தது.

ரூபேந்திரன் வந்தார். லென்ஸை வைத்து அரைமணி நேரம் பார்த்தார். "கையெழுத்து ஒரிஜினல், தாள் ஒரிஜினல். குட்டியும் அதே அச்சு மைதான்க்கா, யாரும் கையால வரையல. ஆனா பட்டியல்ல குட்டி இல்லையே" என்றார். சிங்கப்பூருக்குப் போன் போட்டார்கள். சேகரிப்பாளர் நிதானமாகப் பதில் சொன்னார்: பழைய தாள்களைச் சுத்தம் செய்யும் ஆள் தன்னிடம் இருக்கிறார், மருந்து தொட்ட பஞ்சால் குட்டியை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். மீரா பீவி, தொல்லை விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள்.

அப்போது தாப்பிர் எழுந்தது. குட்டியைப் பின்னால் தள்ளி மறைத்து, நான்கு காலையும் ஊன்றி, இடப்பக்கம் பார்த்து, பட்டியலில் உள்ளபடியே நின்றது. காதுகூட ஆடவில்லை. ரூபேந்திரன் துள்ளிவிட்டார். "அக்கா, இப்ப சரியா இருக்கு! நான் போட்டோ எடுத்து இன்னிக்கே சான்றிதழ் குடுத்துடுறேன்."

மீரா பீவி தாப்பிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு வருசமா ஒழுங்கா நில்லு, ஒழுங்கா நில்லுன்னு கத்துனேன். ஒரு நாள் கேட்டியா நீ? இப்ப குட்டிக்காக நிக்கிற!" என்று கத்தினாள். நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "தம்பி, அஞ்சுதான் விக்கிறோம். வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க" என்றாள். அஞ்சு வேண்டாம் என்றார் சிங்கப்பூர்க்காரர். ஆசிம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க பேசாதீங்க" என்றாள்.

செப்டம்பரில் கடை கைமாறியது. அவர்கள் கோத்தா திங்கியில் ஆற்றோரம் பாதி அளவுள்ள கடைக்கு மாறினார்கள். முதல் மழைக்கே முழங்கால் தண்ணீர் வந்தது. மீரா பீவி முதலில் தாப்பிரைத்தான் மேலே ஏற்றினாள், திட்டிக்கொண்டே. குட்டியின் மஞ்சள் வரிகள் அதற்குள் மறைந்து, முதுகு தாயைப்போல் இளஞ்சிவப்பாகியிருந்தது. ரூபேந்திரன் வருடத்துக்கு ஒரு தடவை வந்து மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, தன் குறிப்பேட்டில் "இரண்டும் நலம்" என்று எழுதிப்போகிறார். போன மாதம் குட்டி தாயின் தோளுயரம் வந்துவிட்டது, இரண்டுக்கும் தாளில் இடம் போதவில்லை. ஆசிம் படத்துக்குச் சட்டம் போடுபவரிடம் அளவு கொடுக்கக் கிளம்பியபோது, மீரா பீவி அடுப்படியிலிருந்தே கத்தினாள்: "ரெண்டு பக்கமும் ஓரடி கூட்டிப் போடச் சொல்லுங்க, சும்மாச் சும்மா நம்மால மாத்திக்கிட்டு இருக்க முடியாது."