கூட்டமில்லாத திங்கட்கிழமை

அவள் வீட்டுக்காரருக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. பஸ் கம்பெனியில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுகிற வேலை அவருக்கு. நாள் முழுக்க ஊர் ஜனங்களை இங்கிருந்து அங்கே நகர்த்துகிறவர், சொந்தக் குடும்பமாவது நெரிசலில் இடிபடாமல் இருக்கட்டும் என்று நினைத்தார். நினைப்பில் தப்பில்லை. ஆனால் எங்கேயும் கூட்டம் கலைந்த பிறகே கூட்டிப்போவார். பலனை அனுபவித்தவர்களைக் கேட்டால்தான் தெரியும். மிருகக்காட்சி சாலைக்குப் போனால் மிருகங்களெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். பொருட்காட்சிக்குப் போனால் கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். "பாத்தியா, ஒரு ஈ காக்கா இல்ல" என்று சொல்லும்போது அவருக்கு மட்டும் வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

இத்தனை வருஷமும் அவள் இதைச் சிரித்துக்கொண்டே பொறுத்துப் போனாள். பனிச்சிற்பத் திருவிழா விஷயத்தில் அது முடியவில்லை. காரணம், அவள் தம்பி.

தம்பி மலையடிவாரத்து ஊரில் சுவர் பூச்சு வேலை செய்கிறான். குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும், பூச்சு வேலை நடக்காது. சும்மா இருப்பானேன் என்று பனியில் கை வைத்தவன், திருவிழாவில் சிற்பம் செய்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஆளுயரத்துக்கும் மேலே பலகை அடைத்து, உள்ளே பனியைக் கொட்டி, ஏறி மிதித்து இறுக்குவார்கள். அது கெட்டிப்பட்டதும் பலகையைப் பிரித்துவிட்டு ரம்பமும் உளியுமாக இறங்குவார்கள். வருஷா வருஷம் அவன் "அக்கா, ஒரு தடவை வந்து பாரேன்" என்பான். ஒரு வருஷம் இவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் மகளுக்கு அம்மை. போன வருஷம், "அந்தக் கூட்டத்துல போனா முழுசா திரும்பி வர முடியுமா?" என்று இவர் கேட்ட கேள்வியோடு பேச்சு முடிந்துவிட்டது. அவன் செதுக்கியதைக் குடும்பத்தில் ஒருத்தர்கூட நேரில் பார்த்ததில்லை.

இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். மணிக்கட்டு போய்விட்டது. உளியைப் பிடித்தால் விரல் மரத்துப்போகிறதாம்.

கடைசியாக அவன் செய்வது ஒரு எருமை. படுத்தபடி தன் கன்றை நக்குகிற எருமை. நாக்கு நிற்குமா, ஒடிந்து விழுந்துவிடுமா என்று பயந்துபோய் அக்காவிடம் யோசனை கேட்டான். அக்காவுக்குப் பல் செட் செய்கிற லேபில் வேலை. மெழுகில் பல் செதுக்கிச் செதுக்கிப் பழகிய கை.

"நாக்கை அந்தரத்துல நீட்டாதடா. நுனி கன்னுக்குட்டி முதுகுல ஒட்டிக்கிட்டே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் பிடிமானம் இருந்தா எதுவும் விழாது."

"அட, ஆமாக்கா!" என்றான்.

அன்றையிலிருந்து அந்த எருமையில் பாதி தன்னுடையது என்று அவளுக்கு ஒரு எண்ணம். என்ன ஆனாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

"நீ தலையிடாத, நான் பாத்துக்கறேன்" என்று பயண ஏற்பாட்டை வீட்டுக்காரர் கையில் எடுத்துக்கொண்டார். ரயிலா பஸ்ஸா, முன் பெட்டியா பின் பெட்டியா என்று அரைத்த மாவையே அரைத்தார். கேட்டால், "பொறு, பொறு." கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு டிக்கெட் போட்டாச்சு. திங்கக்கிழமை காலையில அங்க இருப்போம். சனி, ஞாயிறு ஊரே அங்கதான் மொய்க்கும். திங்கக்கிழமை பாரு, கூட்டமே இருக்காது."

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்போதே தம்பியைக் கூப்பிட்டாள்.

"திங்கக்கிழமை வர்றோம்டா! மாமா டிக்கெட்டே போட்டுட்டாரு."

"திங்கக்கிழமையா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"வாங்கக்கா" என்றான் தம்பி. "ஸ்டேஷனுக்கு நானே வந்துடறேன். பாப்பாவுக்குக் கம்பளிக் குல்லா எடுத்துக்க."

மறுநாள் சாயங்காலம் மகள் சோபாவில் கவிழ்ந்து படுத்துப் போன வருஷத்துத் திருவிழா வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இங்க பாரேன். எல்லாத்தையும் இடிக்கிறாங்க."

மண் அள்ளுகிற இயந்திரம் ஒன்று பனிக் கோபுரத்தை முட்டித் தள்ளியது. சுற்றி நின்ற ஜனங்கள் கை தட்டினார்கள். குழந்தைகள் மேல் சரிந்து விழுந்துவிடக் கூடாது என்று திருவிழா முடிகிற ஞாயிறு சாயங்காலமே எல்லாச் சிற்பங்களையும் இடித்துவிடுவது வழக்கம் என்று கீழே எழுதியிருந்தது.

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். வீட்டுக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, திருவிழா ஞாயித்துக்கிழமையோட முடியுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அதனாலதான் திங்கக்கிழமை போட்டேன். முடிஞ்சா ஜனம் போயிடும், சிலை எங்க போகும்? பனி என்ன ஒரே ராத்திரில கரைஞ்சிடுமா?"

மகள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி பார்த்தார்.

"இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார்.

அவளுக்குக் கத்துவதற்குக்கூடத் தெம்பில்லை. பால்கனிக்குப் போய்த் தம்பியைக் கூப்பிட்டாள்.

"திங்கக்கிழமை அங்க ஒண்ணும் இருக்காதாமே. ஏன்டா நீ சொல்லல?"

"சொல்லி என்னக்கா?" என்றான். "சொன்னா டிக்கெட்டை மாத்தணும், மாமா மூஞ்சியத் தூக்கி வச்சுப்பாரு, அப்புறம் எப்பவும் போல வராமலே போயிடுவீங்க. எருமையப் பாக்காட்டி போவுது. நீங்களாவது வர்றீங்களேன்னு இருந்தேன்."

போனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் பதறிப்போய், "நாக்கு நல்லா நிக்குதுக்கா, நீ சொன்ன மாதிரியே செஞ்சேன்" என்றான்.

உள்ளே வந்தபோது வீட்டுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார். ரயில் எல்லாம் நிறைந்துவிட்டது. ஞாயிறு காலையில் போய்ச் சேருகிற சனிக்கிழமை பஸ்ஸில் ஒரே ஒரு இடம் மிச்சம்.

"இது சரிப்படாது" என்றார். "கடைசி வரிசை. அதுவும் நடு சீட்டு. ரெண்டு பக்கமும் ஆளுங்க நசுக்குவாங்க. கொஞ்சம் பொறு, வேற ஏதாவது—"

அவள் அவர் கையிலிருந்து போனை வாங்கி அந்த இடத்தைத் தன் பெயருக்குப் போட்டாள்.

"நீ மட்டுமா? அப்ப நாங்க? இந்த மூணு டிக்கெட்டை என்ன பண்றது?"

அவள் பரண்மேல் இருந்த பையை இழுத்துக் கீழே போட்டாள்.

"நீங்க திங்கக்கிழமையே வாங்க" என்றாள். "கூட்டமே இருக்காது."