கொடிக்கு வலப்பக்கம்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் மலையூர் சாந்தா பிரிகிதாவில் யாருக்கும் காது சொந்தமில்லை. காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார்கள். செப்டம்பர் பதினைந்து ஹோண்டுராஸுக்குச் சுதந்திர தினம். ஒரு நாள் ஊர்வலத்துக்கு ஒன்றரை மாத ஒத்திகை. காய்ச்சலில் கிடப்பவர்கள்கூடப் போர்வைக்குள் கால் விரலால் தாளம் போடுவார்கள்.

ஊர்வலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். தேசியக் கொடியை மட்டும் ஒரே ஒரு பிள்ளைதான் பிடிக்க முடியும். ஆறாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை. இதில் சிபாரிசு செல்லாது, மேயர் வீட்டுப் பிள்ளையானாலும் செல்லாது. இரண்டாம் மார்க் கொடிக்கு வலப்பக்கம் நடக்கும், மூன்றாம் மார்க் இடப்பக்கம். இரண்டு பேருக்கும் வெறுங்கை. கொடி பிடித்த பிள்ளையின் போட்டோவை அந்த வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கே பேரன் பேத்தி பிறந்தாலும் அது சுவரைவிட்டு இறங்காது.

இது எதுவும் மாரெனுக்குத் தெரியாது. அவளைச் சொல்லியும் குற்றமில்லை, யாரும் சொல்லவில்லை. பல் எப்படித் துலக்குவது என்று விருந்தாளிக்கு யாராவது விளக்குவார்களா?

மாரென் லிண்ட்குவிஸ்டுக்கு இருபத்திரண்டு வயது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆசிரியர் படிப்பு, கடைசி வருடம். பத்து வாரம் பாடம் நடத்திப் பழக எங்கள் மலைக்கு வந்தாள். ஆறாம் வகுப்பு டீச்சர் நோல்வியா அர்கேத்தா வீட்டின் பின்னறையில் தங்கினாள், அவள் வகுப்பிலேயே கணக்கும் ஆங்கிலமும் எடுத்தாள். நல்ல பெண்தான். வாசலில் தலை இடிக்கும் உயரம், பேசுகிற ஸ்பானிஷில் வினைச்சொல் எல்லாம் தலைகீழாக நிற்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் போதும், முதுகில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். ஒரு வாரம் கோபானில் மாயன் காலத்துப் பழைய கற்கள், ஒரு வாரம் அருவி, ஒரு வாரம் கடல். எங்கள் ஊரிலேயே பிறந்து நரைத்தவர்கள் பார்க்காத ஹோண்டுராஸை அவள் ஏழே வாரத்தில் பார்த்துவிட்டாள்.

அந்த வகுப்பில் தாரியேலா என்று ஒரு பெண். முதல் வகுப்பிலிருந்து அவளை யாரும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளியதில்லை. அவள் அம்மா ஒனெய்டா ஆறு வருடத்துக்கு முன் ஸ்பெயினுக்குப் போய், யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டிருக்கிறாள். தாரியேலா சித்தி மிர்த்தாவோடு இருக்கிறாள். "நீ கொடி பிடிக்கிற அன்னிக்கு, எங்க இருந்தாலும் அம்மா பாப்பேன்" என்று பஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனாளாம் ஒனெய்டா. ஆறு வயதுப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாமிடம் எப்போதும் செல்வின். ஜூலையில் மூன்று வாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அப்பாவோடு உருளைக்கிழங்கு தோண்டப் போய்விட்டான். திரும்பி வந்த மறுநாளே பின்னக் கணக்குப் பரீட்சை, நாற்பத்தெட்டு வாங்கினான். மாரெனுக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைக்குக் கடைசியில் என்ன தெரியும் என்பதைத்தான் மார்க் சொல்லவேண்டும் என்று அவள் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் பாடம் நடத்தி, வியாழக்கிழமை அவனை மறுபடி எழுத வைத்தாள். பையன் நூறு வாங்கினான். இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை மணியடித்ததும் தாரியேலா வந்து மேசைக்கு முன்னால் நின்றாள்.

"மிஸ், நானும் திருப்பி எழுதட்டா?"

"நீயா? நீ தொண்ணூத்தொண்ணு வாங்கியிருக்கியே!"

"ரெண்டு கணக்குல தப்பு பண்ணிட்டேன். இப்ப சரியா தெரியும்."

"அடி போடி, உனக்கெதுக்கு அதெல்லாம்? நீதான் ஏற்கெனவே கெட்டிக்காரியாச்சே" என்று அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மாரென் வெளியே ஓடினாள். தேலா கடற்கரைக்குப் போகிற பஸ் பன்னிரண்டரைக்கு. அதை விட்டால் சனிக்கிழமை காலைதான்.

அந்த வாரக் கடல் அருமையாக இருந்ததாம். வந்து எல்லாருக்கும் போட்டோ காட்டினாள், தாரியேலாவுக்கும் காட்டினாள்.

செப்டம்பர் முதல் வாரம் பட்டியல் ஒட்டினார்கள். செல்வின் தொண்ணூற்றேழு, தாரியேலா தொண்ணூற்றாறு. தாரியேலா ஒரு முறை படித்தாள், விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள், பிறகு வகுப்புக்குள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துகொண்டாள். அவள் அழுதிருந்தால் மாரெனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இடைவேளைக்குள் சித்தி மிர்த்தா ரொட்டிக்கடை மாவுக் கையோடு பள்ளிக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், அஞ்சு வருஷமா முதல் மார்க் வாங்கின பொண்ணு. இந்த வருஷம் மட்டும் எப்படி? அதைச் சொல்லுங்க, நான் போயிடறேன்."

நோல்வியா நோட்டைப் புரட்டிக் காட்டினாள். "நானும் மூணு தடவை கூட்டிப் பாத்துட்டேன் மிர்த்தா. செல்வின் கணக்குல நூறு. வந்த மார்க் இதுதான்."

மாரென் பக்கத்திலேயே நின்றாள். வாய் திறந்தால் முடிந்தது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைதான் நோல்வியா அவளைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை எழுதப்போகிறாள். அது போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். மிர்த்தா அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள், அதுவும் மரியாதையாக. பாவி, அந்த மரியாதைதான் மாரெனைக் கொன்றது.

மறுநாள் காலை நோல்வியா அடுப்படியில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பஸ்ஸைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

நோல்வியாவின் கை நின்றது. "அந்தப் பொண்ணு வாய்விட்டுக் கேட்டுச்சா?"

"கேட்டா."

"நீ வேண்டாம்னே."

"அவளுக்குத் தேவையில்லன்னு நெனச்சேன், டீச்சர். இப்ப நான் என்ன பண்ணட்டும்? செல்வினோட மறுபரீட்சையை எடுத்துடலாமா?"

"கை வெச்சுப் பாரு!" நோல்வியா ரொட்டியைக் கல்லில் அறைந்தாள். "அந்த நூறு அவன் உக்காந்து படிச்சு வாங்கினது. அவங்கம்மா கொடி பிடிக்க வெள்ளைக் கையுறை வாங்கிட்டா, நேத்து தெருவெல்லாம் காட்டிட்டு வந்தா. கொடியை அவன்கிட்டேருந்து பிடுங்கி இவளுக்குக் குடுப்பியா?"

"அப்ப தாரியேலாவுக்கு இப்ப பரீட்சை வைக்கட்டுமா?"

"பட்டியல் ஒட்டினப்புறமா? அவ நூறே வாங்கினாலும் ஊர்ல எவ நம்புவா? கொடி கையில இருக்கும், குசுகுசுப்பு முதுகுக்குப் பின்னால இருக்கும். அந்தக் குழந்தைக்கு அது வேணுமா?"

மாரென் யோசித்தாள். அவள் ஊரில் பரிசென்றால் பங்கு போட்டுக்கொள்வார்கள். முகம் பளிச்சென்று ஆனது. "ஒண்ணு செய்யலாம் டீச்சர்! தேவாலயம் வரைக்கும் செல்வின் பிடிக்கட்டும். அங்கேருந்து பூங்கா வரைக்கும் தாரியேலா!"

நோல்வியா சிரித்த சிரிப்பில் ரொட்டி கருகிப்போயிற்று. "ஏம்மா, சாமி ஊர்வலத்துல பாதி வழியில சாமியை மாத்துவாங்களா? கொடி ஒரு கையில கிளம்பினா அதே கையிலதான் போய்ச் சேரணும். பாதிக் கொடி பிடிச்சவள்னு அவளுக்குப் பேர் வைப்பாங்க, கல்யாணம் வரைக்கும் ஒட்டிக்கும்." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இதைச் சரிபண்ண முடியாது, மாரென். சில தப்பு அப்படித்தான். ஆனா யார் பண்ணினதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியணும். மார்க் அதுவா வந்துடுச்சுன்னு நான் மிர்த்தாகிட்ட சொன்னேன். என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டே."

அறிக்கையில் நோல்வியா நல்ல மார்க்தான் போட்டாள். பாடம் நடத்தியதற்கு உண்டான மார்க், அதில் அவள் குறைக்கவில்லை. மாரெனுக்கு அது இன்னும் சுட்டது.

சனிக்கிழமை அவள் எந்தப் பஸ்ஸும் ஏறவில்லை. மிர்த்தா வீட்டுக்குப் போனாள். தாரியேலா தண்ணீர்த் தொட்டியருகே வெள்ளைச் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் நடக்கிற பிள்ளைக்கும் சட்டை பளிச்சென்று இருக்கவேண்டும் அல்லவா.

"தாரியேலா, அன்னிக்கு நான் வேண்டாம்னு சொன்னது... உன்மேல எனக்கு இருந்த நம்பிக்கையிலதான். நீ ஏற்கெனவே நல்லா..."

"இல்ல மிஸ்." சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவள். "உங்க பை முதுகுல இருந்துச்சு. மணியைப் பாத்துக்கிட்டே பேசினீங்க."

மாரெனின் முகம் காது வரை சிவந்தது. வெள்ளைத்தோல்காரர்களால் எதையும் ஒளிக்க முடியாது, பாவம்.

"ஆமா" என்றாள் கடைசியில். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கடலுக்குப் போகணும்னு இருந்தேன். தப்பு என்னோடதுதான். மன்னிச்சிடு."

மன்னித்தேன் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. சட்டையைப் பிழிந்து உதறினாள், தண்ணீர் மாரென் மேலும் தெறித்தது.

"அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டாள் மாரென்.

தாரியேலா சட்டையைத் துணிக்கயிற்றில் போட்டு இழுத்துவிட்டாள். "பதினஞ்சாம் தேதி அம்மா வீடியோவுல கூப்பிடுவா" என்றாள். "சித்திக்கு அன்னிக்குக் கடையை விட்டு நகர முடியாது. நீங்க ஃபோனைப் பிடிங்க மிஸ். நான் ஏன் பக்கத்துல நடக்கறேன்னு நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மாரென் தலையை ஆட்டினாள். அடுத்த எட்டு நாளும் ஒனெய்டாவிடம் சொல்ல வேண்டியதை ஸ்பானிஷில் எழுதி எழுதிக் கிழித்தாள். ஒன்றில் மன்னிப்பு ஏழு முறை வந்தது. ஒன்றில் பஸ் இல்லை. ஒன்று தாரியேலாவின் அறிவைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ந்தது, அதை அவளே வெட்கப்பட்டு அடுப்பில் போட்டாள்.

பதினைந்தாம் தேதி ஊரே தெருவில் நின்றது. வெள்ளை பூட்ஸ் போட்ட பெண்கள் கோலைச் சுழற்றிக்கொண்டு போனார்கள், பாலர் வகுப்பு வாண்டு ஒன்று நடுத்தெருவில் உட்கார்ந்து வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மாரென் தேவாலயப் படிக்கட்டோரம் தாரியேலாவின் ஃபோனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதரைக்கு அது அடித்தது.

திரையில் வெள்ளை ஓடு பதித்த ஒரு சமையலறை, அதில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண். தாரியேலாவின் அதே நெற்றி.

"நீங்கதான் அந்த மிஸ்ஸா? நல்லாருக்கீங்களா? எங்க என் பொண்ணு? வந்துட்டாளா? கொடி தெரியுதா?"

கொடி அப்போதுதான் மூலை திரும்பியது. மேளச் சத்தத்தில் தரை அதிர்ந்தது. ஒன்றும் கேட்கவில்லை என்று சைகை காட்டினால் போதும், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஒரே ஒரு மார்க்கில் போய்விட்டது என்று மட்டும் சொன்னாலும் போதும், அதுவும் உண்மைதான். இரண்டும் அவள் நாக்கு நுனி வரை வந்தன.

"உங்க பொண்ணு கொடி பிடிக்கல" என்று மாரென் கத்தினாள். எழுதி வைத்த வாக்கியங்கள் அத்தனையும் மறந்துபோயிருந்தன. "வலப்பக்கம் நடந்து வர்றா. காரணம் நான். பரீட்சையைத் திருப்பி எழுதறேன்னு கேட்டா. இன்னொரு பையனுக்குக் குடுத்தேன், அவளுக்குக் குடுக்கல. எனக்குக் கடலுக்குப் போக பஸ் இருந்துச்சு. அதுக்காக வேண்டாம்னுட்டேன். அவ தோக்கல, நான்தான் தடுத்துட்டேன்."

பக்கத்தில் நின்ற பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்கே தெரிந்துவிட்டது.

"எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள் ஒனெய்டா. "பட்டியல் ஒட்டின அன்னிக்கே சொல்லிட்டா. ஒரு மணி நேரம் அழுதா, நானும் இங்க குளியலறையில பூட்டிக்கிட்டு அழுதேன்."

"தெரியுமா? அப்ப... அப்ப ஏன் என்னைச் சொல்லச் சொன்னா?"

"நீங்க என்ன சொல்றீங்களோ, அதை ஒரு வார்த்தை மாத்தாம நான் அவகிட்ட சொல்லணும்னு கேட்டிருக்கா. சரியாத்தான் சொன்னீங்க. பஸ்ஸைக்கூட விடல." ஒனெய்டா முந்தானை மாதிரி ஏப்ரனைத் தூக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவகிட்ட சொல்றேன். இப்ப ஃபோனைத் திருப்புங்க மிஸ்! உங்க மூஞ்சியைப் பாக்கவா ஆறு வருஷம் காத்திருந்தேன்?"

மாரென் பதறிப்போய்த் திருப்பினாள். செல்வின் வெள்ளைக் கையுறையோடு கொடியை உயர்த்திப் பிடித்து வந்தான், பயத்தில் மூச்சுக்கூட விடவில்லை. அவனுக்கு வலப்பக்கம் தாரியேலா, கன்னம் நிமிர்ந்து, கண் நேரே. ஊர்வலத்தில் பக்கவாட்டில் பார்க்கக்கூடாது. அவள் பார்க்கவில்லை.

"என் தங்கமே! அம்மா இங்க இருக்கேன்டீ!" என்று ஃபோன் அலறியது. தெருவே சிரித்தது.

தாரியேலாவின் உதடு மட்டும் நடுங்கியது, கால் தாளம் தப்பவில்லை. மாரென் கூட்டத்தை இடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி, அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே பூங்கா வரைக்கும் நடந்தாள்.