கஞ்சியும் ஒரு மணி பஸ்ஸும்

மணி எட்டு. நர்ஸ் பிலோமினாள் ஆபரேஷன் பலகையை மூன்றாவது தடவையாகத் துடைத்து எழுதினாள்.

உலகச் சண்டைக் காலம். ஆலங்காயத்து ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கும் குளோரோபாரம் ஒரே ஆளுக்குத்தான் மீதி இருந்தது. வியாழன்தோறும் வேலூரிலிருந்து வரும் டாக்டர் இருதயசாமி, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் ஒரு மணி பஸ்ஸில் திரும்பியாக வேண்டும்.

பலகையில் முதல் பெயர் மாதையன். புதூர்நாட்டு மலையிலிருந்து டோலியில் தூக்கி வந்திருந்தார்கள். மரம் உருண்டு நசுங்கிய பாதம் கறுத்துவிட்டது. இன்றே எடுக்காவிட்டால் ஆள் தங்கமாட்டான்.

இரண்டாவது, அந்த பஸ்ஸின் முதலாளி சக்கரவர்த்தி. முதுகில் எலுமிச்சங்காய் அளவு கொழுப்புக் கட்டி. ஏற்கெனவே இருமுறை தள்ளிப்போடப்பட்டவர்.

வார்டுக்குள் போனாள். மாதையன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மங்கம்மாள் கையில் காலிச் சட்டி.

"இன்னா குடுத்தே?"

"சாமைக் கஞ்சிதாம்மா. வெறும் வயித்தோட சந்தைக்கே அனுப்ப மாட்டோம், கத்திக்கு அனுப்புவமா?"

"நேத்து அத்தனை தடவ சொன்னேனே!"

இனி ஆறு மணி நேரத்துக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துவிடும்.

பக்கத்துக் கட்டிலில் சக்கரவர்த்தி மீசையைத் தடவினார். "அப்போ மருந்து எனக்குத்தான்!"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவரையே கொண்டு வாங்க."

"டாக்டர், அவருக்கு மரத்துப்போற ஊசி போதுங்க. அதையும் பன்னிரண்டரைக்கு வெச்சுக்கலாம். மாதையனுக்கு ரெண்டு மணி" என்றாள் பிலோமினாள்.

"பஸ்?"

"முதலாளி ஏறாம அவரு பஸ் எப்படிங்க கிளம்பும்?"

சக்கரவர்த்தி பதறினார். "முழிச்சிருக்கும்போதே அறுப்பீங்களா?"

"சிறுத்தையக் கையால அடிச்சேன்னு போன வாரம் சொன்னீங்களே!"

வார்டே சிரித்தது. "அறுத்துத் தொலைங்க!" என்றார் சக்கரவர்த்தி.

மணி ஒன்று. பஸ் ஹாரன் விடாமல் அலறியது. தையலோடு எழுந்த சக்கரவர்த்தியைப் பிலோமினாள் தடுத்தாள். "ரெண்டு மணி நேரம் குப்புறப் படுக்கணும்." டாக்டர் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர் ஏசுராஜ் எட்டிப்பார்த்தான்.

"நான் இல்லாம வண்டி நகர்ந்துச்சுன்னா உன் வேலை போச்சுடா!" என்று தலையணைக்குள்ளிருந்து முதலாளி கத்தினார்.

இரண்டு மணி. மாதையனை மேஜையில் கிடத்தினார்கள்.

"அப்புறம் எதுவும் குடுக்கலியே?"

"சாமி சத்தியமாம்மா. தண்ணிகூட இல்ல."

மூன்றரைக்கு டாக்டரையும் முதலாளியையும் ஏற்றிக்கொண்டு பஸ் கிளம்பியது. மாதையனுக்கு ஒரு பாதம் போயிருந்தது; மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அவன் கண் விழித்ததும் மங்கம்மாள் ஓடிவந்தாள். முந்தானைக்குள் சட்டி. "இப்பவாவது..."

பிலோமினாள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஆறு மணிக்கு. அதுவும் ரெண்டே வாய்."