தாளில் எழுதாத எண்

என் கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கு அதைவிட ஒரு விரற்கடை அதிகம். அதனால்தான் பந்தய வண்டி விஷயத்தில் முதலிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஓட்டுவது அவர், வண்டியைத் தயார் பண்ணிக் கொடுப்பது நான்.

வண்டி என்றால் ஏறி உட்காருகிற வண்டி இல்லை. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான, ரிமோட்டில் ஓடுகிற டிரக். மண்மேட்டில் ஏறிப் பாயும், புழுதியைக் கிளப்பும், கவிழ்ந்தால் தலைகீழாகக் கிடந்து சக்கரத்தைச் சுழற்றும். ஐம்பதை நெருங்கும் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமையானால் இதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து மாடிப்படியில் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஆறு நாள் அவர் ரயில் நிலையத்தில் கண்ணாடித் துளைக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறார். ஆறு நாள் நான் துணி ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். ஏழாவது நாள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் வண்டியைப் பிரித்துப் போடுவேன். ஈர மண்ணுக்கு ஒரு டயர், காய்ந்த மண்ணுக்கு ஒன்று. ஷாக் அப்சார்பரில் கெட்டி எண்ணெய் ஊற்றினால் உயரத்திலிருந்து விழும்போது அடி தட்டாது. ஆனால் சின்ன மேடுபள்ளத்தில் தத்தித் தத்திப் போகும். எதை மாற்றினாலும் தேதி போட்டுத் தாளில் எழுத வேண்டும். அது அவர் போட்ட சட்டம். ஒருமுறை ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு எழுத மறந்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“நீ என்ன மாத்தியிருக்கன்னு தெரிஞ்சாத்தானே, நான் என்ன தப்பு பண்றேன்னு எனக்குத் தெரியும்?” என்றார்.

ஏழு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி மேசைமேல் தாங்கியில், சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க நின்றது. அவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, நான் ஒரு திருகை இறுக்கி முடிப்பதற்காகக் காத்திருந்தார். வண்டியைத் திருப்ப ரிமோட்டின் பக்கவாட்டில் இருக்கும் குட்டிச் சக்கரத்தில்தான் அவருடைய வலது கை. அவர் எதையும் திருப்பவில்லை. ஆனால் வண்டியின் முன்சக்கரம் இரண்டும் விடாமல் நடுங்கின.

“சர்வோ போச்சு,” என்றார். முன்சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாருக்கு அந்தப் பெயர்.

புதிதாக ஒன்று இருந்தது, மாற்றினேன். அப்போதும் நடுங்கின. வயரைச் சோதித்தேன், பேட்டரியை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் உள்ளே போன் அடிக்க, ரிமோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். நான் பிடித்ததும் சக்கரங்கள் கல்லாக நின்றன. திரும்பி வந்து அவர் வாங்கினார். மறுபடி நடுக்கம்.

நடுங்கியது சர்வோ இல்லை.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஒரு கையில் ஆரம்பித்தது. கட்டட வரைபடம் போடுகிறவர். டாக்டர் நோயின் பெயரைச் சொன்ன அன்று வீட்டுக்கு வந்து, பலகையை மடித்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், அப்புறம் எழுந்து உட்காரவே மனம் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அவரை அனுப்பிவிட்டு வரும்போது என் கணவர் சொன்னார்: “எனக்கு இந்த எழவு வந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிடாத.” துக்கத்தில் மனுஷன் ஆயிரம் சொல்வான். நான் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் குளிக்கப் போன நேரத்தில் ரிமோட்டின் திரையில் உள்ளே போய், ஒரு எண்ணை மாற்றினேன். அதைக் கூட்டினால், குட்டிச் சக்கரத்தை நடுவிலிருந்து லேசாக அசைத்தாலும் வண்டி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். நன்றாகத் திருப்பினால்தான் திரும்பும். அந்த எண் பூஜ்யத்தில் இருந்தது. முப்பதாக்கினேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ரிமோட்டை எடுத்துப் பார்த்தார். சக்கரங்கள் அசையவில்லை.

“என்ன பண்ணுன?”

“வயர் லூஸா இருந்துச்சுங்க.”

தாளில் நான் எதையும் எழுதவில்லை.

ஆலை மருத்துவமனை டாக்டரிடம் தனியாகப் போய் விசாரித்தேன். “கூட்டிட்டு வாங்கம்மா. மருந்து இருக்கு, கை அடங்கும். சும்மா தள்ளிப் போடாதீங்க,” என்றார். சீசன் முடியட்டும் என்று நினைத்தேன். ஏழு மாதம். இப்போது சொல்கிறேன், அது தப்பு. அப்போது எனக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முதுகு என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

வண்டி மந்தமாகிவிட்டது. வளைவில் ஒரு நொடி தாமதமாகத் திரும்பும். மேடையில் நின்று ஓட்டிவிட்டு அவர் இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“என்ன செட்டப் இது? நான் ஒண்ணு சொல்றேன், அது ஒண்ணு பண்ணுது. தையல் மெஷினுக்கே போய் எண்ணெய் போடு!”

எல்லார் முன்னாலும் சொல்வார். வேறு சமயமாக இருந்தால் அந்த ரிமோட்டை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, “பாக்கறேங்க,” என்பேன். எண்ணெயை மாற்றுவேன், ஸ்பிரிங்கை மாற்றுவேன், எல்லாவற்றையும் தாளில் எழுதுவேன். நடுக்கம் கூடக் கூட முப்பது நாற்பதாகி, நாற்பது ஐம்பதானது. அதை எழுத மாட்டேன். நான் எதிர்த்துப் பேசாததைப் பார்த்து நண்டுகூட, “அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான். நண்டு எங்களோடு பந்தயம் ஓட்டுகிறவன். மொபைல் கடை வைத்திருக்கிறான். வண்டியைச் சுற்றிப் பக்கவாட்டிலேயே நடப்பதால் அந்தப் பெயர்.

சீசனின் கடைசிப் பந்தயம் போன ஞாயிறு நடந்தது. பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் உள்ள மைதானம். தண்ணீர் தெளித்து மண்ணை அமுக்கியிருந்தார்கள். பொருத்தமான டயர் காரில் இருந்தது, எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது வண்டி தாங்கியில் இருந்தது. அவர் பக்கத்தில் நண்டு ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தான். மடியில் என் தாள்.

“அண்ணே, வியாதியக் கண்டுபுடிச்சிட்டேன்!” என்றான் குஷியாக. “தாள்ல பூஜ்யம்னு போட்டிருக்கு. ரிமோட்ல அம்பது இருக்கு. எப்பவோ கை பட்டு மாறியிருக்கு. சரி பண்ணிட்டேன், புடிங்க.”

“வேண்டாம்,” என்று கத்தினேன். அதற்குள் அவர் வாங்கிவிட்டார்.

முன்சக்கரங்கள் நடுங்கின.

“சர்வோண்ணே,” என்று நண்டு ரிமோட்டைத் திரும்ப வாங்கினான். சக்கரங்கள் நின்றன. கொடுத்தான். நடுங்கின. மூன்றாவது தடவை அவன் வாங்கக் கை நீட்டவில்லை. என் கணவர் சக்கரத்தையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டயரைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

“எத்தன நாளா?”

“ஏழு மாசங்க.”

“டாக்டர்?”

“கேட்டேன். மருந்து இருக்குன்னாரு. அண்ணன் மாதிரி நீங்களும்... நீங்கதான சொன்னீங்க, சொல்லிடாதன்னு.”

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினார்.

“கை ஒரு மாதிரி இருக்குன்னு எனக்கே சந்தேகம்தான். கவுன்ட்டர்ல சில்லற எண்ணும்போது தெரியும். பயமா இருக்கும். ஞாயித்துக்கெழம வந்தா வண்டியப் பாப்பேன். மந்தமா இருந்தாலும் நேராப் போகும். கை நடுங்குனா வண்டி ஆடணும்ல? ஆடல. அப்ப ஒண்ணுமில்லன்னு நிம்மதியா வீட்டுக்கு வருவேன். டாக்டர்கிட்ட போகணும்னு கெளம்பி ரெண்டு தடவ பாதியில திரும்பிட்டேன், இந்த வண்டிய நம்பி.”

அவரிடமிருந்து எதை மறைக்கிறேன் என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதோ, தேடிய ஒவ்வொரு முறையும் நான் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்பதோ எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஒலிபெருக்கியில் அவர் வண்டி எண்ணைக் கூப்பிட்டார்கள். பூஜ்யத்தை மாற்றாமலே மேடையேறினார். வண்டி நேர்ப்பாதையில் பாம்பாக நெளிந்தது. இரண்டு முறை கவிழ்ந்தது. ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தது நான்தான். முட்டியெல்லாம் மண். அவர் பாதியில் நிறுத்தவில்லை. கடைசியாக வந்தார். ஆனால் கடைசிச் சுற்றுவரை ஓட்டினார். சுவர்ப்பக்கம் திரும்புகிற ஆள் இப்படி ஓட்ட மாட்டார். இருபத்து மூன்று வருஷம் கூடவே இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்து, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நண்டின் முன்னால் நின்றார்.

“நாளைக்கு டாக்டரப் பாக்கப் போறேன். நீ கூட வர்றியா?”

நண்டு திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். “அண்ணி இருக்காங்களேண்ணே.”

“டாக்டரு சொல்றத நீயும் கேட்டுக்க. எனக்கு ஏதாவது புரியலன்னா, இருக்கறத இருக்கற மாதிரி நீ சொல்லுவ,” என்றார் என் கணவர்.