தம்பியின்ரை ஊதின முகம்

என்ரை இடுப்பிலை ஒரு தழும்பு இருக்கு. நான் அதை ஒருத்தருக்கும் காட்டிறேல்லை. ஆனா எங்கடை ஊர் மண்டைதீவிலை அதைப் பற்றிக் கதைக்காத வாய் இல்லை. எண்பதாம் ஆண்டு இந்தியாவிலை ஒரு ஆசுப்பத்திரியிலை வைச்சு என்ரை கிட்னி ஒண்டை எடுத்துத் தம்பி சில்வெஸ்ரருக்கு வைச்சவை. தாய் தேப்பன் இல்லாத வீட்டிலை நானும் அவனும்தான், வேறை ஆர் குடுக்கிறது? போகேக்கை பாயிலை சுருண்டு கிடந்தவன், வரேக்கை தன்ரை காலாலை நடந்து வந்தான். எனக்கு அது போதும்.

வந்து கொஞ்ச நாளிலை அவன்ரை முகம் ஊதத் தொடங்கிச்சுது. கன்னம் ரெண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி உப்பிச்சுது. நான் பிறப்பிலையே வத்தல். ஒருநாள் அந்தோனியார் கோயிலிலை பூசை முடிஞ்சு வெளியிலை வர, பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி மாமி எல்லாருக்கும் கேக்கச் சொன்னா: "தமக்கை காய்ஞ்சு கருவாடாகிறாள், தம்பி அவளைத் திண்டு கொழுத்திட்டான்."

நரம்பில்லாத நாக்கு. நான் விடுவனோ? "கருவாட்டுக்குத்தான் மாமி விலை கூட" எண்டன். எல்லாரும் சிரிச்சினம். தம்பி சிரிக்கேல்லை.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடேலுமோ? அந்தக் கதை கடற்கரை வரைக்கும் போச்சுது. அவன் பூசைக்குப் பிந்தி வந்து, கடைசி வாங்கிலை இருந்து, முந்தி எழும்பிப் போயிடுவான். பிறகு மெல்ல மெல்ல முகம் வடிஞ்சுது.

அடுத்த வருசம் மாசியிலை யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு நேர்ஸ் மிஸி வந்தா. இப்பிடி உறுப்பு மாத்தின ஆக்களுக்கு வீட்டிலை என்ன குறை இருக்கெண்டு கேட்டு டொக்டருக்குச் சொல்ல வேணுமாம். அவ தம்பியைப் பாத்துக் கேக்க, நான் மறுமொழி சொன்னன். எங்கடை பக்கம் அப்பிடித்தான். வெளியாள் கேட்டால் வீட்டிலை மூத்தது சொல்லும், அதுவும் குறையில்லை எண்டுதான் சொல்லும். வந்த ஆளிட்டைக் குறை சொல்லுறது வீட்டுக்கு இழுக்கு.

"தண்ணி கொதிக்க வைச்சோ குடுக்கிறனீங்கள்?"

"ஓம்."

"மருந்துக் குளிசை நேரத்துக்கு எடுக்கிறாரோ?"

"ஓம் மிஸி, ஒண்டுக்கும் குறையில்லை."

மிஸி தம்பியின்ரை காலைப் பாத்தா. பிறகு என்னட்டை, "அக்கா, ஒரு தேத்தண்ணி தாறீங்களே?" எண்டா.

நான் குசினிக்குள்ளை போய்க் கேத்திலை அடுப்பிலை வைச்சன். தட்டிக்கு அங்காலை கதைக்கிறது எல்லாம் கேட்டுது.

"இப்பச் சொல்லும் தம்பி. கால் எப்ப தொட்டு வீங்குது?"

அவன் சொன்னான்: "மார்கழி நத்தாருக்குப் பிறகு குளிசையைப் பாதியாக்கிப் போட்டன் மிஸி. முகம் வடிய வேணும் எண்டு. அக்காவைத் திண்டு கொழுத்தவன் எண்டெல்லோ சனம் சொல்லுது."

"கிட்னியைக் காக்கிற குளிசையாலைதான் முகம் ஊதும் எண்டு உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"அது சொன்னவை. ஊதினாச் சனம் என்ன சொல்லும், அதை என்னெண்டு தாங்கிறது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அக்காட்டையும் சொல்லேலாது. தந்தவளே ஒரு நாளும் முனகேல்லை. வாங்கினவன் நான் என்னெண்டு குறை சொல்லுறது?"

கேத்தில் பொங்கி அடுப்பு நூந்து போச்சுது. எனக்கு வந்த கோவத்துக்கு அவனை அறைஞ்சிருப்பன். நாசமறுப்பான், என்ரை உடம்பிலை இருந்து போனதையெல்லோ பட்டினி போட்டிருக்கிறான். ஆனா கோவத்தை விடப் பயம்தான் கூட.

நான் கொண்டு போன தேத்தண்ணியை மிஸி தொடேல்லை. "இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வாங்கோ. கிட்னி இன்னும் தாங்குதோ எண்டு பாத்தால்தான் தெரியும்" எண்டா.

பஸ் தரிப்பிலை தம்பி வெறுங்காலோடை நிண்டான். வீங்கின கால் செருப்புக்குள்ளை போகேல்லை. ஞானசவுந்தரி மாமியும் சந்தைக்குப் போக அங்கை நிண்டவ. அவனை ஏற இறங்கப் பாத்திட்டு, "இப்பதான் தம்பி உன்ரை பழைய முகம் வந்திருக்கு" எண்டா. நல்ல மனசோடைதான் சொன்னா.

தம்பி சிரிச்சான். கனகாலமாய்ச் சிரிக்காதவன், அந்த ஒரு சொல்லுக்குச் சிரிச்சான்.

"மாமி," எண்டன், தரிப்பிலை நிண்ட எல்லாருக்கும் கேக்க. "இவன் திரும்பக் கொழுக்க வேணும் எண்டு அந்தோனியாரிட்டை மண்டாடுங்கோ. நான் குடுத்தது அவன் கொழுக்கத்தான்."